கிளியின் கண்ணும் சிவப்புப் புள்ளியும்

துரோணர் வைத்த பரீட்சை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மரம் தெரிகிறதா, கிளை தெரிகிறதா என்று ஒவ்வொரு சீடனாகக் கேட்டுக்கொண்டே வருவார். அர்ச்சுனன் மட்டும் கிளியின் கண்தான் தெரிகிறது என்பான். சபாஷ், விடு அம்பை! ஆனால் இதே அர்ச்சுனன் ஒரு பிஸ்டல் பயிற்சியாளரிடம் போய் இதே பதிலைச் சொல்லியிருந்தால் நிச்சயம் ஃபெயில். "கிளியை யார் பார்க்கச் சொன்னது? துப்பாக்கி முனையில் இருக்கிற முள்ளைப் பார்" என்று திட்டு விழுந்திருக்கும்.

கிண்டல் இல்லை. பல தலைமுறைகளாகக் கைத்துப்பாக்கி சுடுவதில் முதல் பாடமே அதுதான். இப்போது கொஞ்ச வருடங்களாக அந்தப் பாடத்தை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறது ஒரு சின்ன சிவப்புப் புள்ளி. அந்த மாற்றத்தில் மாட்டிக்கொண்ட ஒரு மனிதரின் கதை இது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சிற்றூர். 2018-இல் அவருக்கு வயது 52. பகலில் ஒரு சின்னக் கம்பெனிக்குக் கணக்கு எழுதுவார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப் போட்டியில் பிஸ்டல் சுடுவார். பெயர் அவசியமில்லை, கணக்காளர் என்றே வைத்துக்கொள்வோம்.

காலேஜில் என்.சி.சி.யில் .22 ரைபிள் சுட்டவர்களுக்கு இந்தச் சமாச்சாரம் பாதி தெரியும். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சைட், குழல் முனையில் ஒரு சைட், தூரத்தில் அட்டை. மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். பிஸ்டலில் பின்னால் இருப்பது ஒரு சதுரப் பள்ளம், அதாவது ரியர் சைட். முன்னால் இருப்பது ஒரு முள், ஃப்ரண்ட் சைட். பள்ளத்துக்கு நடுவில் முள் நிற்க வேண்டும், தலை இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், முள்ளின் இரு பக்கமும் தெரியும் வெளிச்சம் சமமாக இருக்க வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். பள்ளம், முள், இலக்கு, மூன்றும் மூன்று தூரத்தில். எது மங்கினாலும் பரவாயில்லை, முள் மட்டும் மங்கக்கூடாது. ஏன்? ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். க்ளாக் 17 பிஸ்டலில் இரண்டு சைட்டுக்கும் இடையே 165 மில்லிமீட்டர்தான். முள் பள்ளத்துக்குள் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டர் தூரத்தில் தோட்டா சுமார் 15 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். ரைபிளில் குழல் நீளம், அதனால் இந்தத் தப்பு சின்னதாகத் தெரியும். பிஸ்டலில் மன்னிப்பே கிடையாது. அதனால்தான் இலக்கு கலங்கித் தெரிந்தாலும் போகட்டும், முள்ளைப் பார் என்றார்கள்.

கணக்காளருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது அவருடைய அப்பா. 1980-இல், பையனுக்கு 14 வயது. வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் தகர டப்பாக்களை வரிசையாக வைத்து, ஒரு .22 ரிவால்வரைக் கையில் கொடுத்தார். அதிகம் பேசாத மனிதர். அன்று முழுக்க அவர் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "முள்ளைப் பார்." டப்பா விழாவிட்டால் "முள்ளைப் பார்." விழுந்தால் "பார்த்தாயா, முள்ளைப் பார்த்தாய்." முள் கறுப்பாக இருந்து சரியாகத் தெரியாததால் அம்மாவின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து அதன் தலையில் ஒரு சொட்டு வைத்தார். (இது அவர் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஊர் முழுக்கச் செய்கிற வேலைதான்.)

அப்படிப் பழகிய கண், 38 வருடம் ஓடியது.

நாற்பதைத் தாண்டினால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெரியவர்களைப் பார்த்தாலே தெரியும். பேப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பிடிப்பார்கள். கை நீளம் போதாமல் போகும்போது கண்ணாடிக் கடைக்குப் போவார்கள். வெள்ளெழுத்து என்போம், பழைய ஆட்கள் சாளேஸ்வரம் என்பார்கள். கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் வயதாக ஆக விறைத்துப்போகிறது. பக்கத்தில் இருப்பதைப் பார்க்க அது வளைந்து கொடுக்க வேண்டும், கொடுக்க மாட்டேன் என்கிறது. பிஸ்டலின் முள் இருப்பதோ கை நீட்டும் தூரத்தில், சுமார் இரண்டு அடியில். தூரத்து அட்டை கண்ணாடி மாதிரி பளிச்சென்று தெரிகிறது. பார்க்க வேண்டிய முள் மட்டும் பஞ்சு மாதிரி.

எந்த மனிதனும் உடனே தோல்வியை ஒப்புக்கொள்வதில்லை. முதலில் நெயில் பாலிஷ் மறுபடி வந்தது. அப்புறம் முள்ளை மாற்றி, வெளிச்சத்தில் பச்சையாக மின்னும் ஃபைபர் ஆப்டிக் முள்ளைப் போட்டார். இரண்டு வருடம் தாங்கியது. அப்புறம் கண் டாக்டரிடம் பிஸ்டலின் முள் இருக்கும் தூரத்தை அளந்து சொல்லி, வலது கண்ணுக்கு மட்டும் அந்தத் தூரத்துக்கான லென்ஸ் போட்ட தனிக் கண்ணாடி. அதைப் போட்டால் முள் தெரிந்தது, ஆனால் படி இறங்கும்போது தலை சுற்றியது. இவர் சுடும் போட்டியில் ஓடிக்கொண்டே சுட வேண்டும்!

அந்தப் போட்டியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. யு.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற அமைப்பின் விதிப்படி நடப்பது. இடுப்பு உறையிலிருந்து பிஸ்டலை எடுத்து, தடுப்புகளுக்கு நடுவில் ஓடி, அங்கங்கே நிற்கும் அட்டைகளைச் சுட வேண்டும். இவர் சுடும் வகையில் அட்டையின் நடுப்பகுதிக்கு 5 புள்ளி, அதற்கு வெளியே 3, ஓரத்துக்கு 1. மொத்தப் புள்ளியை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுத்தால் ஸ்கோர். காமர்ஸ்காரர்களுக்கு இது புரிய அதிக நேரம் ஆகாது. புள்ளி வருமானம், விநாடி செலவு. இவருக்குச் செலவு அப்படியே இருந்தது, வருமானம் வருடா வருடம் சரிந்தது. முன்பு இவருக்குப் பின்னால் வந்த ஆட்கள் ஒவ்வொருவராக முன்னால் போனார்கள். போட்டி முடிந்து எல்லோரும் அட்டையை ஒட்டிக்கொண்டு அரட்டை அடிக்கும்போது இவர் சீக்கிரம் கிளம்ப ஆரம்பித்தார். 2018 செப்டம்பரில் போகவே இல்லை. மனைவி கேட்டதற்கு முதுகுவலி என்றார்.

அந்தச் சமயம் கிளப்பில் பாதிப் பேர் ரெட் டாட்டுக்கு மாறியிருந்தார்கள்.

புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம், விஷயம் ரொம்பப் பழசு. 1900-இல் டப்ளினைச் சேர்ந்த ஹோவர்ட் க்ரப் என்பவர் இந்தத் தத்துவத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் தொழில் தொலைநோக்கி செய்வது. (கொடைக்கானல் வானாய்வகத்துக்குப் புனாவிலிருந்து வந்து சேர்ந்த 20 அங்குலத் தொலைநோக்கியும் க்ரப் செய்ததுதான். உலகம் சின்னது!) வளைந்த கண்ணாடியில் ஒரு குறியைப் பிரதிபலிக்க வைத்து, அது தொலைதூரத்தில் மிதப்பது போலக் காட்டலாம் என்பதுதான் யோசனை. முதலில் அது போர் விமானங்களுக்குத்தான் உதவியது. அந்தக் குறியை பாட்டரியில் எரியும் சிவப்பு எல்.ஈ.டி. ஆக்கி 1975-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் கம்பெனி. 1990-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த ஐ.பி.எஸ்.சி. உலகப் போட்டியில் டக் கோனிக் என்ற அமெரிக்கர் ரெட் டாட் மாட்டிய பிஸ்டலோடு வந்து ஜெயித்தார். அன்றைய ரெட் டாட் ஒரு குழாய் மாதிரி இருக்கும், பிஸ்டலின் மேல் சட்டம் அடித்து மாட்ட வேண்டும். இடுப்பில் சாதாரணமாக வைத்துக்கொள்ள முடியாது. அது சுருங்கிச் சுருங்கி ஸ்லைடின் மேலேயே உட்காரும் கட்டைவிரல் அளவுக்கு வந்த பிறகுதான் சாதாரண ஆட்களுக்கு வந்தது. ட்ரிஜிகானின் ஆர்.எம்.ஆர். 2009-இல் வந்தது. ரெட் டாட் மாட்டுவதற்கு வசதியான க்ளாக் 2015-இல் வந்தது. 2017-இல் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த எம்17 பிஸ்டலின் ஸ்லைடிலும் அதற்கு இடம் விட்டிருந்தார்கள்.

வேலை செய்யும் விதம் எளிது. ஸ்லைடின் பின்பக்கம் ஒரு குட்டி எல்.ஈ.டி., முன்னால் ஒரு வளைந்த கண்ணாடி. கண்ணாடியில் பூசியிருக்கும் பூச்சு சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பும், மற்ற வெளிச்சத்தை உள்ளே விடும். திரும்பி வரும் சிவப்புக் கதிர்கள் இணையாக வருவதால் புள்ளி அந்தக் கண்ணாடியில் ஒட்டியிருப்பதாகக் கண் நினைக்காது, தூரத்தில் இலக்கின் மேலேயே இருப்பதாக நினைக்கும். மூன்று தூரம் ஒரு தூரமாகிவிட்டது. இலக்கைப் பார், புள்ளி தானாக வந்து அதன் மேல் உட்காரும், சுடு. புள்ளி கண்ணாடியின் நடுவில் இருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை. ஓரத்தில் தெரிந்தாலும் தோட்டா கிட்டத்தட்ட அங்கேயேதான் போகும்.

அதாவது கிளியின் கண்ணைப் பார்த்தால் போதும்.

இவ்வளவு சௌகரியமான பொருளை வாங்க கணக்காளர் ஏன் இரண்டு வருடம் யோசித்தார்? காசு ஒரு காரணம். ரெட் டாட், அதை மாட்ட ஸ்லைடைக் குடைகிற கூலி, அதற்கேற்ற உயரமான இரும்பு சைட் எல்லாம் சேர்த்தால் இன்னொரு பிஸ்டலே வாங்கிவிடலாம். ஆனால் நிஜக் காரணம் அது இல்லை. காமர்ஸில் சங்க் காஸ்ட் என்று ஒரு பாடம் உண்டு. செலவழித்த காசு போனது போனதுதான், இனி எடுக்கிற முடிவில் அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. பரீட்சையில் எல்லோரும் சரியாக எழுதிவிடுவோம். 38 வருடம் அப்பா சொன்னபடி முள்ளைப் பார்த்துப் பழகியதை அப்படி எழுதித் தள்ளிவிட முடியுமா என்பது வேறு கேள்வி. கணக்குப் புத்தகத்தில் தினமும் தேய்மானம் எழுதுகிற ஆளுக்கே முடியவில்லை.

போதாக்குறைக்கு ஸ்லைடைக் குடைந்தால் குடைந்ததுதான், திரும்ப ஒட்ட முடியாது. நவம்பரில் ஒரு நாள் ஸ்லைடை மட்டும் கழற்றி, பெட்டியில் போட்டு, பட்டறைக்கு பார்சல் அனுப்பினார். (அமெரிக்கச் சட்டப்படி க்ளாக்கில் அடிச்சட்டம்தான் துப்பாக்கி. ஸ்லைடு வெறும் உதிரி பாகம், அதனால் சாதாரணமாக அனுப்பலாம்.) கழற்றிய பழைய முள்ளை ஒரு ஸ்க்ரூ டப்பாவில் போட்டு வைத்தார்.

மூன்று வாரத்தில் ஸ்லைடு வந்தது. ரெட் டாட்டை மாட்டினார். ரேஞ்சுக்குப் போனார். பிஸ்டலை உயர்த்தினார்.

புள்ளியைக் காணோம்!

இதைப் பற்றி யாரும் முன்கூட்டி எச்சரிப்பதில்லை, அல்லது எச்சரித்தாலும் காதில் ஏறுவதில்லை. இரும்பு சைட்டில் பிஸ்டல் கோணலாக வந்தால் முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், கை தானாகச் சரிசெய்யும். ரெட் டாட்டில் கோணல் கொஞ்சம் அதிகமானால் ஜன்னல் காலி. மேலே போனதா, கீழே போனதா, ஒரு துப்பும் கிடையாது. குடத்துக்குள் விழுந்த மோதிரத்தைத் தேடுவது மாதிரி மணிக்கட்டை இப்படியும் அப்படியும் ஆட்டித் தேட வேண்டும். அதற்குள் இரண்டு விநாடி போய்விடும். மூன்று கெஜத்தில், கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலே விழுகிற அட்டைக்கு முன்னால், இவர் புள்ளி தேடிக்கொண்டு நின்றார். பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த இளைஞன் தலையைத் திருப்பிக்கொண்டான். சிரிப்பை மறைக்கத்தான்.

ஆனால் குற்றம் ரெட் டாட்டுடையது இல்லை. இத்தனை வருடமும் இவர் பிஸ்டலைக் கொஞ்சம் கோணலாகத்தான் கொண்டுவந்து, கடைசி நொடியில் கண் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தார். முள் அந்தத் தப்பை மன்னித்து மறைத்து வந்தது. புள்ளி மறைக்கவில்லை. அதோடு தலையைத் தாழ்த்தி பிஸ்டலிடம் போகும் பழக்கம் வேறு. தலை அசையாமல் இருக்க, பிஸ்டல்தான் கண்ணிடம் வர வேண்டும்.

மருந்து ஒன்றுதான், உலர் பயிற்சி. தோட்டா இல்லாமல் வீட்டில் பழகுவது. குளிர்காலம் முழுக்க, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, நிலவறையில் 15 நிமிடம். தோட்டாக்களை எல்லாம் மேல் மாடியில் வைத்துப் பூட்டிவிட்டு, பிஸ்டலை இரண்டு முறை திறந்து பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். சுவரில் ஒரு சின்ன ஸ்டிக்கர். கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலை எடுத்து நீட்டுவார், கண்ணைத் திறப்பார். புள்ளி ஸ்டிக்கர் மேல் இருக்கிறதா? இல்லை. மறுபடி. இல்லை. மறுபடி. முதல் வாரம் பத்துக்கு இரண்டு தேறியது. ஜனவரியில் பத்துக்கு எட்டு. மனைவி மேலே இருந்து "இன்னும் எத்தனை தடவை அதையே செய்வீர்கள்?" என்று கேட்டது நியாயமான கேள்வி.

புள்ளி கிடைத்த பிறகு அடுத்த தலைவலி. அது நிற்கவே மாட்டேன் என்கிறது! இலக்கின் மேல் ஈ மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கிறது. கை நடுக்கம் திடீரென்று அதிகமாகிவிட்டதோ, வேறு ஏதாவது வியாதியோ என்று ஒரு இரவு முழுக்கப் பயந்தார். நடுக்கம் எப்போதும் இருந்ததுதான். மங்கலான முள்ளில் அது தெரியவில்லை, கூரான புள்ளியில் தெரிகிறது. புள்ளி நடுவைக் கடக்கிற அந்தக் கணத்தைப் பிடிக்க வேண்டும் என்று விசையைப் பட்டென்று இழுத்தால் பிஸ்டல் முனை தாழ்ந்து குண்டு கீழே போகிறது. ஆடட்டும் என்று விட்டுவிட்டு, விசையை நிதானமாக அழுத்தினால் நடுவிலேயே விழுகிறது. இதைப் புரிந்துகொள்ள பத்து நிமிடம் போதும், நம்புவதற்கு இரண்டு மாதம் ஆனது.

வெளிச்சத்தைக் கூட்டினால் அவருக்குப் புள்ளி வட்டமாகவும் தெரியவில்லை, கமா மாதிரி வால் முளைத்திருந்தது. சாமான் பழுது என்று திருப்பி அனுப்பப் போனவர், அதற்கு முன் செல்ஃபோன் கேமராவை அதன் பின்னால் வைத்து ஒரு படம் எடுத்தார். படத்தில் புள்ளி அச்சு வட்டம். அப்படியானால் வால் இருப்பது கண்ணில். அஸ்டிக்மாடிசம், கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால் வருவது. ரெட் டாட் வாங்குகிற பலரும் அன்றுதான் தனக்கு அது இருப்பதையே தெரிந்துகொள்கிறார்கள்.

இதையெல்லாம்விடப் பிடிவாதமான எதிரி பழைய பாடம். கண் தன்னையறியாமல் புள்ளியையே வெறித்துப் பார்த்தது. இலக்கைப் பார்க்க வேண்டும், புள்ளி ஓரமாகத் தெரிந்தால் போதும். ஆனால் 38 வருடமாகக் காதில் ஒலிக்கிற குரல் விடவில்லை. கிளப்பில் ஒருவர் சொன்ன வைத்தியம் விசித்திரமானது. ரெட் டாட்டின் முன்பக்கக் கண்ணாடியில் டேப்பை ஒட்டி மறைத்துவிட வேண்டும். வலது கண்ணுக்குப் புள்ளி மட்டும் தெரியும், இலக்கு தெரியாது. இடது கண்ணுக்கு இலக்கு மட்டும் தெரியும். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் மூளை இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டிவிடும். இலக்கைப் பார்க்காமல் புள்ளியை வெறித்தால் முன்னால் டேப் மட்டும்தான். பேசாமல் மனிதன் இலக்கைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறான்.

மார்ச்சில் ஒரு பின்னடைவும் வந்தது. குண்டுகள் இடது பக்கமாக ஒதுங்க ஆரம்பித்தன. விரல் வைக்கும் இடம், பிடி, மூச்சு என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தார். இரண்டு வாரம் தன்னையே திட்டிக்கொண்டார். கடைசியில் பார்த்தால் ரெட் டாட்டின் ஸ்க்ரூ தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் ஸ்லைடு பின்னால் பாய்ந்து, நின்று, முன்னால் பாய்கிறது. அதன் மேல் சவாரி செய்கிற பொருள் அது. பிடிப்புப் பசை தடவாமல் கையால் முறுக்கியது இவர் தப்புதான். பசை போட்டு, அளவாக முறுக்கி, ஸ்க்ரூவுக்கும் உடம்புக்கும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தார். கோடு முறிந்தால் ஸ்க்ரூ நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பாட்டரிக்கும் வருடா வருடம் பிறந்தநாளன்று மாற்றுவதாகக் கணக்கு வைத்தார். இரும்பு முள்ளுக்கு இந்தச் சள்ளை எதுவும் கிடையாது, அதைச் சொல்லத்தான் வேண்டும். மழையில் ஒரு துளி எல்.ஈ.டி. மேல் விழுந்தால்கூடப் புள்ளி சிதறிவிடும்.

எல்லா விளையாட்டும் இதை ஏற்றுக்கொள்ளவும் இல்லை. ஒலிம்பிக் பிஸ்டல் போட்டிகளில் திறந்த இரும்பு சைட் மட்டும்தான். 2024-இல் பாரிஸில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கியது அப்படித்தான். அங்கே 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், நம் சட்டைப் பொத்தான் அளவு. அதை மங்கலாக வைத்துக்கொண்டு முள்ளைக் கூராகப் பார்த்துச் சுடுகிறார்கள். நினைத்தாலே பிரமிப்பாக இருக்கிறது.

2019 ஏப்ரலில் கணக்காளர் மறுபடி போட்டிக்குப் போனார். பக்கத்து அட்டைகளில் பழைய வேகம் இன்னும் வரவில்லை. ஆனால் 25 கெஜத்தில் நின்ற அட்டைகளில் நடுப்பகுதியிலேயே குண்டுகள். ஸ்கோர் எழுதியவர் தூரத்து அட்டையை இரண்டாம் முறை குனிந்து பார்த்தார். அன்று சாயங்காலம் வரை இருந்து அரட்டை அடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. அவருக்கு 79 வயது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்து லென்ஸ் வைத்தாயிற்று. தூரம் நன்றாகத் தெரியும், சாப்பாட்டுத் தட்டில் இருப்பதற்குக் கண்ணாடி வேண்டும். பிஸ்டலைத் தொட்டே ஆறேழு வருடம் ஆகியிருந்தது. ஜூனில் ஒரு மத்தியானம் அவர் வந்திருந்தபோது மேஜை மேல் பிஸ்டலைப் பார்த்துவிட்டார். ஸ்லைடு மேல் ஏறி உட்கார்ந்திருந்த கண்ணாடிப் பெட்டியையும் பார்த்தார்.

"இது என்ன, டி.வி.யா?"

"முள் தெரியவில்லை அப்பா" என்றார் மகன். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

அவர் பதில் பேசவில்லை. அப்புறம் இருவரும் அதே மண்மேட்டுக்குப் போனார்கள். இப்போது தகர டப்பா இல்லை, இரும்புத் தட்டு. பதினைந்து கெஜம். அப்பா பிஸ்டலை வாங்கி நீட்டினார். பழைய முறைப்படி தலையைத் தாழ்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முள்ளைத் தேடினார்.

"முள்ளைப் பார்க்காதீர்கள்" என்றார் மகன். "தட்டைப் பாருங்கள்."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிஸ்டல் மெதுவாக மேலும் கீழும் அசைந்தது. பிறகு நின்றது. மூடிய கண்ணையும் அவர் திறந்துவிட்டார். சத்தம், உடனே தட்டின் ஓசை. இன்னொன்று. இன்னொன்று. ஐந்தில் நான்கு.

பிஸ்டலைத் தாழ்த்தி, பக்கவாட்டில் திருப்பி, அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் தள்ளிப் பிடித்து உற்றுப் பார்த்தார்.

"இது ஏமாற்று வேலை" என்றார். "தோட்டா இன்னும் இருக்கிறதா?"